கடல் எவ்வளவு உயரம் பொங்கும்?
கம்ப்யூட்டர் முன்பே சொல்கிறது!

நங்கநல்லூர் ஆஞ்சநேயர் சிலையின் உயரம் 32 அடி. ஒரே கல்!

1964-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி இரவு தனுஷ்கோடிக்குள் பாய்ந்த கடல், 20 அடிக்கு மேல் எழும்பியது என்கிறார்கள். அந்தச் சிலை அங்கே நின்றிருந்தால் இடுப்புக்கு மேல் தண்ணீர்! பாம்பனில் இருந்து போன ரெயில் பயணிகளோடு மூழ்கியது. ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

இது சுனாமி அல்ல. சுனாமி, கடலுக்கடியில் பூமி அதிர்வதால் வருவது. இதுவோ, புயல் காற்று தள்ளிக்கொண்டு வரும் தண்ணீர். ஆழமான கடலில் அந்தத் தண்ணீர் கீழே இறங்கி விலகிவிடும். ஆழம் குறைந்த இடத்தில் அது எங்கே போகும்? மேலேதான் எழும்பும். ராமேசுவரம் பக்கத்துக் கடலில் பனைமரம் மூழ்காத இடங்கள் ஏராளம்!

எந்த ஊருக்கு ஆபத்து?

நம் கிழக்குக் கரையில் புயல் நுழையும் இடத்துக்கு வடக்கேதான் கடல் பொங்கும். தெற்கே, காற்று தண்ணீரைக் கடலுக்கே திருப்பித் தள்ளும். ஆகவே புயல் கொஞ்சம் விலகினாலும் ஆபத்து வேறு ஊருக்கு மாறிவிடும்.

இந்தக் கணக்கை ஐதராபாத்தில் உள்ள "இன்காய்ஸ்" என்ற மத்திய அரசு நிலையம் போடுகிறது. கம்ப்யூட்டரில் கடலை முக்கோணங்களாக வெட்டிக்கொள்கிறார்கள். கரையோரத்தில் சின்னச் சின்ன முக்கோணம், நடுக்கடலில் பெரிது. ஒவ்வொன்றிலும் ஆழம் என்ன, காற்று என்ன என்று கணக்கிட்டு, தண்ணீர் அடுத்ததற்கு எவ்வளவு போகும் என்று பார்க்கிறார்கள். புயலின் பாதை மாறினால் மறுபடியும் கணக்கு!

விடை, வரைபடமாக வருகிறது. "ஒன்றரை மீட்டர்" என்றால் யாருக்குப் புரியும்? படத்தில் தன் குப்பம் மூழ்குவதைப் பார்த்தால் புரியும்.

நங்கநல்லூருக்கு என்ன?

கடல் தூரத்தில் இருக்கிறதே என்று இருந்துவிட முடியாது. முகத்துவாரத்தில் கடல் உயர்ந்து நின்றால் அடையாற்று வெள்ளம் வடியாது. 2023 டிசம்பர் "மிக்ஜாம்" புயலில் சென்னை இதைக் கண்டது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு, பள்ளிக்கரணையில் உள்ள கடலோர ஆராய்ச்சி மையம் மழை, ஆறு, கடல் மூன்றையும் சேர்த்துக் கணக்கிடும் ஏற்பாட்டைச் செய்தது. எந்தப் பகுதியில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று அது படம் காட்டும்.

படம் காட்டினால் போதுமா? ஆடு மாட்டை விட்டுவிட்டு ஜனங்கள் கிளம்ப வேண்டுமே! ஒடிசாவில் 1999 புயலில் சுமார் 10 ஆயிரம் பேர் மாண்டார்கள். அதே ஒடிசாவை 2013-ல் "பைலின்" தாக்கியபோது, சுமார் 10 லட்சம் பேரை முன்னதாகவே அப்புறப்படுத்தினார்கள். பலியானவர்கள் 100-க்கும் குறைவு.