134-ஆம் இடம் எவ்வளவு உயரம்?

1998 ஜனவரியில் மெல்போர்னில் நடந்த ஆஸ்திரேலிய ஓப்பன் டென்னிஸ் முதல் சுற்றில், கோயம்புத்தூரில் பிறந்த 21 வயதுப் பெண் ஒருவர் இத்தாலியின் குளோரியா பிட்சிகினியை வென்றார். அவர் நிருபமா வைத்தியநாதன். கிராண்ட் ஸ்லாம் ஒற்றையரில் ஓர் ஆட்டம் வென்ற முதல் இந்தியப் பெண் என்று அவரைச் சொல்வதுண்டு. ஆனால் 1934-லேயே லீலா ராவ் என்ற இந்தியப் பெண் விம்பிள்டனில் ஓர் ஆட்டம் வென்றிருக்கிறார். தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கும் கதவு திறந்த 1968-க்குப் பிறகு என்று கணக்கிட்டால் நிருபமாதான் முதல்வர். இன்னோர் இந்தியப் பெண், சானியா மிர்சா, அதே மெல்போர்னில் மூன்றாம் சுற்று வரை போனது ஏழு ஆண்டு கழித்து, 2005-ல்.

நிருபமாவின் தந்தை கே.எஸ். வைத்தியநாதன் தமிழ்நாட்டுக்காக ரஞ்சி கிரிக்கெட் ஆடியவர். மகளின் கையில் ராக்கெட்டைக் கொடுத்துப் பழக்கியவரும் அவரே. 14 வயதில் நிருபமா தேசிய சாம்பியன். 1998 டிசம்பரில் பாங்காக் ஆசிய விளையாட்டில் மகேஷ் பூபதியுடன் கலப்பு இரட்டையரில் வெண்கலம், 2000-ல் சிட்னி ஒலிம்பிக்கில் மனிஷா மல்ஹோத்ராவுடன் இரட்டையர் ஆட்டம். பிறகு ஓய்வு, திருமணம், குழந்தை. 2010-ல் 33 வயதில் திரும்பி வந்து டெல்லி காமன்வெல்த் போட்டியில் ஆடினார். 2013-ல் 'தி மூன்பாலர்' என்று தன் வரலாறு எழுதினார். மூன்பால் என்பது வானத்தைப் பார்க்க உயர்த்தி அடித்து எதிராளியைக் கோட்டுக்குப் பின்னால் தள்ளும் அடி. பலம் குறைந்தவருக்கு நேரம் வாங்கித் தருவது அது.

அவர் எட்டிய உச்சத் தரவரிசை, 1997-ல், 134. இந்த எண்ணைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறவர்கள் உண்டு. அது பெரிய அநியாயம். கிராண்ட் ஸ்லாம் ஒற்றையரில் 128 பேர் ஆடுகிறார்கள். இன்றைய முறைப்படி அதில் 104 பேருக்கு மட்டுமே தரவரிசையால் நேரடி இடம். 134-ல் இருப்பவர் தகுதிச் சுற்றில் மூன்று பேரை வென்றால்தான் உள்ளே போகலாம். புள்ளிகளோ 52 வாரம்தான் நிற்கும். போன வருடம் இதே வாரம் எடுத்ததை இந்த வருடம் மறுபடி எடுக்காவிட்டால் அது கழிந்துவிடும். காயம்பட்டு ஆறு மாதம் படுத்தால் பாதிச் சம்பாத்தியம் கரைந்துவிடும். இந்தத் தரவரிசைப் படிக்கட்டில் கீழே நிற்பவை மொத்தப் பரிசே 15,000 டாலர் உள்ள சிறு போட்டிகள். முதல் சுற்றில் தோற்றால் கைக்கு வருவது விமானச் சீட்டுக்குக் காணாது.

இந்தப் படிக்கட்டில் ஏறுவது எவ்வளவு கடினம் என்பதை மெக்சிகோவின் கதையிலும் பார்க்கலாம். யோலா ராமிரெஸ் 1960, 1961 இரண்டு ஆண்டும் பிரெஞ்சு இறுதிப் போட்டி ஆடினார். ஏஞ்சலிகா கவால்டோன் 1990-லும் 1995-லும் ஆஸ்திரேலிய ஓப்பன் காலிறுதிக்குப் போனார். அவர் கடைசியாக ஆடியதற்குப் பின், 2020 பிரெஞ்சு ஓப்பனில் ரெனாட்டா சராசுவா இறங்கும்வரை, 20 ஆண்டுகள் எந்த மெக்சிகோப் பெண்ணும் கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பிரதான சுற்றில் ஆடவில்லை. ஒருவர் ஏறிவிட்டார் என்பதற்காக அடுத்தவருக்குப் பாதை தானாக விழுந்துவிடுவதில்லை.

தமிழ்நாட்டில் அந்தப் பாதை இன்னும் விழாத ஓர் இடம் கள்ளக்குறிச்சி மாவட்டத்து மலைப்பகுதி. கச்சிராயபாளையம் தாண்டி மலையேறினால் வெள்ளிமலை, கரியாலூர். அங்கே மரவள்ளி போட்டுப் பிழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் படிக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் காலுக்கும் மூச்சுக்கும் குறையில்லை. ஆனால் கபடிக்குத் தரையும் கோடும் போதும், டென்னிஸுக்குப் போதாது. பந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். டப்பாவைத் திறந்ததும் உள்காற்று இறங்கத் தொடங்கிவிடும். சில வாரத்தில் பந்து சொத்தென்று விழும், எழும்பாது. போட்டிகளில் ஏழு கேம் முடிந்ததும், பிறகு ஒவ்வொரு ஒன்பது கேமுக்கும், புதுப்பந்து கொடுப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஒரு பிள்ளையை வளர்க்க எத்தனை டப்பா வேண்டும் என்று கூலி வேலைக்குப் போகும் தகப்பன் கணக்குப் போட்டால் அன்றைக்கே ராக்கெட்டைக் கீழே வைத்துவிடுவார். 2025 பிப்ரவரியில் மும்பைப் போட்டியில் 15 வயதில் அரையிறுதி வரை போன மாயா ராஜேஸ்வரனும் கோயம்புத்தூர்க்காரர்தான் என்பதைத் தற்செயல் என்று விட்டுவிட முடியவில்லை. பயிற்சியாளர், தரை, ஆடிப் பழக எதிராளி எல்லாம் இருக்கும் ஊர் அது.

மலைக்கு முழு அரங்கம் கட்டிக் காத்திருக்க வேண்டியதில்லை. சர்வதேச டென்னிஸ் சம்மேளனம் 10 வயதுக்கு உட்பட்டவர்களின் போட்டிகளில் வழக்கமான மஞ்சள் பந்தை 2012-லேயே விலக்கிவிட்டது. பதிலாகச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சைப் பந்துகள். மெதுவாக வரும், குறைவாக எழும்பும். ஆரஞ்சுப் பந்துக்குரிய ஆடுகளத்தின் நீளம் 18 மீட்டர், ஒற்றையருக்கு அகலம் ஆறரை மீட்டர். வாலிபால் மைதானம் 18-க்கு 9. மலைப் பள்ளியில் வாலிபாலுக்குப் போட்ட அதே கோட்டுக்குள், கோட்டுக்குப் பின்னால் ஓட இடம் விட்டு, 80 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு வலை கட்டினால் நாளைக்கே ஆரம்பிக்கலாம். உடற்கல்வி ஆசிரியருக்கு ஒரு வாரப் பயிற்சியும் ஒரு பெட்டிப் பந்தும் அரசு கொடுக்க வேண்டும்.