கொதித்தால் விருந்து, இல்லையேல் மருந்து

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவில் கோடிக்கணக்கானோர் டிவி முன் கூடிவிடுகிறார்கள். 1967-ல் தொடங்கிய 'சூப்பர் பௌல்' அமெரிக்கக் கால்பந்துப் போட்டி அன்றுதான். சோபாக்களுக்கு நடுவே மேஜையில் ஆவி பறக்கும் ஒரு கிண்ணம்: மசித்த பீன்ஸ், மேலே உருகி நூலாக இழுபடும் சீஸ். மக்காச்சோள சிப்ஸை அதில் முக்கி எடுத்து வாயில் போடுவது சிலருக்கு ஆட்டத்தைவிட முக்கியம்.

'பீன் டிப்' என்ற இந்தப் பண்டத்தின் பூர்வீகம் மெக்சிகோ. பீன்ஸ் அமெரிக்கக் கண்டத்தின் ஆதிப் பயிர். பன்றிக் கொழுப்பும் சீஸும் 16-ம் நூற்றாண்டில் ஸ்பானியர்களோடு வந்தவை. வேகவைத்து மசித்த பீன்ஸைக் கொழுப்பில் வதக்குவதற்கு 'ஃப்ரிஹோலெஸ் ரெஃப்ரிடோஸ்' என்று பெயர். ஆங்கிலத்தில் இதை 'மறுபடி வறுத்த பீன்ஸ்' என்று பெயர்த்துவிட்டார்கள். உண்மையில் மெக்சிகோ பேச்சு வழக்கில் 'ரெ' மிகுதியைக் குறிக்கும். 'நன்றாக வறுத்தது' என்பதே பொருள். (சைவர்கள் கவனிக்க: அந்தக் கொழுப்பு சில டப்பாக்களில் இன்றும் உண்டு. லேபிளைப் படிப்பது நல்லது.)

செய்முறை எளிது. எண்ணெயில் வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய், சீரகத்தூள் வதக்கி, வெந்த பீன்ஸ் இரண்டு கப் சேர்த்து மசிக்க வேண்டும். இறுகினால் வேகவைத்த நீரே போதும். அடுத்து தீயைக் குறைத்து, துருவிய சீஸ் ஒரு கப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளற வேண்டும்.

சூட்சுமம் இரண்டே: பீன்ஸ் கொதிக்க வேண்டும், சீஸ் கொதிக்கக் கூடாது.

அதிகச் சூட்டில் சீஸின் புரதம் சுருங்கி, எண்ணெய் தனியே பிரியும். துருவலில் ஒரு ஸ்பூன் சோள மாவு பிசறினால் இந்தத் தொல்லை குறையும். கடைகளில் கட்டியாக விற்கும் பிராசஸ்டு சீஸில் சிட்ரேட், பாஸ்பேட் உப்புகள் இருப்பதால் அது பெரும்பாலும் பிரியாது.

பீன்ஸ் விஷயம் விபரீதமானது. வட இந்தியச் சமையலறையின் ராஜ்மாவும் இதே இனம்தான். அதில் 'ஃபைட்டோஹீமக்ளூட்டினின்' என்ற நச்சு உண்டு. பச்சையாக நாலைந்து மணிகள் போதும், சில மணி நேரத்தில் வாந்தி, பேதி. ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் 30 நிமிடம் கொதிக்கவிடச் சொல்கிறது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம். நம் வீடுகளில் பிரஷர் குக்கர் இந்த வேலையைச் சத்தமாகவே செய்துவிடுகிறது. ஆபத்து, மெல்லச் சூடேறும் 'ஸ்லோ குக்கரில்' ஊறிய பீன்ஸை அப்படியே போடுவதில். 80 டிகிரியோடு நின்றுவிட்டால் நச்சு குறையாது, பல மடங்கு கூடவும் செய்யலாம். டப்பா பீன்ஸ் ஏற்கனவே வெந்தது, பயமில்லை.

அதே ஸ்லோ குக்கர், தயாரான டிப்பைச் சூடாக வைத்திருக்க மட்டும் உகந்தது. 60 டிகிரிக்குக் குறையாமல் இருந்தால் கிருமி பெருகாது. வெறும் கிண்ணத்தில் ஆறிக் கிடந்தால் இரண்டு மணி நேரம்தான் கெடு. ஆட்டம் அதையும் தாண்டி நீளும். மிச்சத்தை இடைவேளையிலேயே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவது புத்திசாலித்தனம்.