மழைக்கு முன் மலை ஜீப்பைச் சீர் செய்வது எப்படி?



நமது மலரில் கதையும் கவிதையும் எழுதுவோர் பலர் உண்டு. நான் ஜீப் ஓட்டிப் பிழைப்பவன். எனக்குத் தெரிந்தது ஸ்பேனரும் கிரீசும்தான். தெரிந்ததை எழுதினால் நாலு பேருக்குப் பயன்படுமே என்று நண்பர்கள் வற்புறுத்தியதால் இதை எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

இடுக்கி மாவட்டத்தின் ஏலத்தோட்டங்களுக்கும் ஜீப்புக்கும் உள்ள உறவை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. போடி, தேவாரம், கம்பம் பகுதிகளிலிருந்து விடியுமுன் தூக்குச்சட்டியோடு ஏறும் நம் பெண்கள், போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக உடும்பன்சோலை, நெடுங்கண்டம், வண்டன்மேடு பக்கத்துத் தோட்டங்களுக்கு வருகிறார்கள். மாலையில் அதே வண்டியில் இறங்குகிறார்கள். பாலக்காட்டுப் பக்கம் நெல்லியாம்பதித் தோட்டப் பாதைகளிலும் ஜீப்பை நம்பித்தான் பலரது பயணம். இவற்றில் ஓடும் வண்டிகளில் பல இருபது வயதைத் தாண்டியவை. என்னுடையது 1998-ஆம் ஆண்டு மகிந்திரா கமாண்டர். இரண்டாம் கையாக வாங்கியது.

காய் எடுப்பு ஓய்ந்து, மாசி முதல் வைகாசி வரை தோட்டத்தில் ஆள் குறையும். வண்டிக்கும் ஓய்வு கிடைக்கும். ஜூன் தொடக்கத்தில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் பிறகு நேரம் இல்லை. ஆகவே பழுது பார்ப்பதெல்லாம் இந்த மூன்று நான்கு மாதத்தில்தான். அப்போது கையில் பணமும் குறைவு. எதை முதலில் செய்வது என்பதே கேள்வி.

நான் செய்த தவறு

2013-ஆம் ஆண்டு கோடையில் நான் எஞ்சினைப் பிரித்து ரிங்ஸ் மாற்றினேன். மிச்சப் பணத்தில் வண்டிக்குப் புது பெயிண்ட் அடித்தேன். பிரேக் "பிடிக்கத்தானே செய்கிறது" என்று விட்டுவிட்டேன். அந்த ஆகஸ்டில் ஒரு மாலை, 11 பெண்களோடு போடிமெட்டிலிருந்து இறங்கினேன். அந்தப் பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வளைவு கடந்ததும் பிரேக் மிதி தரைக்குப் போய்விட்டது. மீண்டும் மீண்டும் மிதித்தும் ஒன்றும் இல்லை. கியரை இரண்டிலிருந்து ஒன்றுக்கு இழுத்து, கைப்பிரேக்கைத் தூக்கி, மலைப்பக்கத்து ஓடையில் சக்கரத்தை இறக்கி, மண்சுவரில் உரசி நிறுத்தினேன். கடவுள் புண்ணியத்தில் ஒருவர் கை மட்டும் சிராய்த்தது. மறுபக்கம் பள்ளம்.

எல்லாரும் இறங்கி நின்ற பிறகு, வயதில் மூத்த ஒரு அக்கா என்னிடம் சொன்னார்: "ஏன் தம்பி, பெயிண்டு அடிச்ச காசுல கொஞ்சம் பிரேக்குக்கும் போட்டிருக்கக் கூடாதா?" நான் தலை குனிந்து நின்றேன். அன்றிலிருந்து என் வேலை வரிசை தலைகீழாக மாறிவிட்டது. எஞ்சின் கிளம்பாவிட்டால் ஒரு நாள் கூலி போகும். வண்டி நிற்காவிட்டால் உயிர் போகும். எனவே முதலில் நிறுத்துவது, அடுத்தது திருப்புவது, கடைசியில்தான் ஓட்டுவது.

மிதி ஏன் தரைக்குப் போனது?

அரை மணி நேரம் கழித்து மிதித்தபோது பிரேக் பழையபடி வந்துவிட்டது! இதில்தான் பலர் ஏமாந்து போகிறோம். நடந்தது இதுதான். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 3 என்ற வகை புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியசுக்குக் குறையாத சூட்டில்தான் கொதிக்கும். ஈரம் ஏறிய நிலையில் அந்த அளவு 140 டிகிரி வரை இறங்கிவிடலாம். டாட் 4 வகைக்கு இந்த அளவுகள் 230, 155. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் பழுக்கக் காய்கிறது. அந்தச் சூடு வீல் சிலிண்டருக்குள் போய், ஈரம் கலந்த ஆயிலைக் கொதிக்க வைக்கிறது. ஆயிலை அழுத்தினால் சுருங்காது. ஆவியை அழுத்தினால் சுருங்கிவிடும். நம் காலின் அழுத்தம் முழுவதும் ஆவியைச் சுருக்குவதிலேயே செலவாகி, சக்கரத்துக்குப் போய்ச் சேருவதில்லை. சூடு ஆறியதும் ஆவி மீண்டும் திரவமாகிறது, மிதியும் சரியாகிவிடுகிறது. என் வண்டியில் நாலு ஆண்டுகளாக ஆயில் மாற்றியதே இல்லை. வருடத்தில் பாதி நாள் மழையும் மூடுபனியும் உள்ள ஊரில் அது எவ்வளவு ஈரம் குடித்திருக்கும்!

மிதியைக் கொண்டே கோளாறு அறிதல்

வைத்தியர் நாடி பார்ப்பதுபோல, மிதியை வைத்தே பாதிக் கோளாறைக் கண்டுபிடிக்கலாம்.

1. மிதி பஞ்சுபோல மெத்தென்று இருந்தால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது. காற்று எடுக்க வேண்டும். காற்று எப்படிப் புகுந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

2. மிதித்துப் பிடித்திருக்கும்போதே மெல்ல மெல்லக் கீழே இறங்கினால், எங்கோ கசிவு. அல்லது மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் தேய்ந்துவிட்டது. வெளியே ஒரு சொட்டும் தெரியாமல் உள்ளுக்குள்ளேயே ஆயில் திரும்பிவிடும்.

3. முதல் மிதியில் ஆழமாகப் போய், இரண்டாம் மிதியில் மேலே வந்தால், ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடிவிட்டது. அட்ஜஸ்ட் செய்ய வேண்டும்.

4. மிதி கல்போல இருந்தும் வண்டி நிற்காவிட்டால், லைனிங் சூடேறிக் கண்ணாடிபோல வழவழப்பாகி இருக்கலாம். பூஸ்டர் உள்ள வண்டியில் அதற்கு வாக்குவம் வராமலும் இருக்கலாம்.

5. ஒரு பக்கம் இழுத்தால், ஒரு சக்கரம் மட்டும் பிடிக்கிறது என்று பொருள். மறுபக்கத்து வீல் சிலிண்டர் துருப்பிடித்து இறுகியிருக்கும். அல்லது ஆயில் சீல் போய் லைனிங்கில் ஆயில் படிந்திருக்கும். ஆயில் குடித்த லைனிங்கைத் தேய்த்துப் பயனில்லை. சீலையும் லைனிங்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

பிரேக் வேலையில் கவனிக்க வேண்டியவை

நான்கு டிரம்மையும் கழற்றிப் பாருங்கள். வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை மெல்ல விலக்கினால் உள்ளே ஈரம் இருக்கிறதா என்று தெரியும். ஈரம் இருந்தால் ரப்பர் மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது. சிலிண்டர் உட்சுவரில் துருக்குழி இருந்தால் புது ரப்பர் போட்டும் நிற்காது, சிலிண்டரையே மாற்றுங்கள். டிரம்முக்குள் உள்ள தூசியை வாயால் ஊதாதீர்கள். காற்றுக்குழாய் வைத்தும் அடிக்காதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. அது நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைத்து எடுப்பதே நல்லது.

பிரேக் ரப்பரை டீசலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவக் கூடாது. ரப்பர் ஊதிப் பருத்து, சில நாளில் சிலிண்டரில் இறுகிவிடும். பிரேக் ஆயிலிலேயே கழுவ வேண்டும். டப்பாவில் ஆயில் குறைந்தால் கைக்குக் கிடைத்த எஞ்சின் ஆயிலை ஊற்றும் பழக்கமும் சிலரிடம் உண்டு. அதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை. திறந்து வைத்த பழைய டப்பா ஆயிலும் வேண்டாம். அதுவும் ஈரம் குடித்திருக்கும்.

காற்று எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரத்துச் சக்கரத்திலிருந்து தொடங்க வேண்டும். நம் வண்டிகளில் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்பது வரிசை. ஒருவர் மிதிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். பழைய கறுத்த ஆயில் போய், நிறம் தெளிந்த புது ஆயில் குமிழி இல்லாமல் வரும்வரை விடாதீர்கள். இடையில் மேல் டப்பா காலியாகாமல் நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நான் இப்போது வருடந்தோறும் சித்திரையில் ஆயிலை முழுவதும் மாற்றிவிடுகிறேன். ஆகும் செலவு ஒரு நாள் டீசல் காசுகூட வராது.

திருப்புவதும் தாங்குவதும்

அடுத்தது ஸ்டியரிங். ஒருவர் ஸ்டியரிங்கை இரு பக்கமும் சிறிது ஆட்ட, மற்றவர் கீழே படுத்துப் பார்க்க வேண்டும். டை ராட் எண்டில் கை வைத்தால் ஆட்டம் இருப்பது விரலுக்கே தெரியும். முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் ஆட்டினால் வீல் பேரிங்கின் ஆட்டம் தெரியும். ஸ்பிரிங் பட்டைகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டுப் பாருங்கள். தாய்ப்பட்டையில் மயிரிழை விரிசல் இருந்தாலும் மாற்றிவிடுங்கள். யூ போல்ட்டுகளை இறுக்குங்கள். அவை தளர்ந்தால் சென்டர் போல்ட் அறுந்து, அச்சே நகர்ந்துவிடும். கிரீஸ் நிப்பிள்களில் பழைய கிரீஸ் வெளியே வரும்வரை புது கிரீஸ் அடிக்க வேண்டும். சேறும் தண்ணீரும் அப்படித்தான் வெளியேறும்.

டயர்ப் பள்ளத்துக்குள் சிறிய குறுக்குக் கட்டை இருக்கும். தேய்ந்து தேய்ந்து டயர் அதற்குச் சமமாக வந்துவிட்டால், மிச்சமுள்ள ஆழம் 1.6 மில்லிமீட்டர்தான். அந்த டயரோடு மழையில் மலை இறங்கக் கூடாது.

கிளம்ப மறுக்கும் எஞ்சின்

இரண்டு மாதம் நிறுத்திய டீசல் வண்டி கிளம்பாவிட்டால் உடனே எஞ்சினைப் பிரிக்க வேண்டாம். முதலில் பாட்டரி முனைகளில் பூத்திருக்கும் உப்பைச் சுடுதண்ணீரால் கழுவி, துடைத்து, இறுக்கிப் பாருங்கள். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் புகையே வரவில்லை என்றால் டீசல் போகவில்லை. பெரும்பாலும் குழாயில் காற்று. டீசல் பில்டரின் அடியில் உள்ள தண்ணீரை இறக்கிவிட்டு, மேல் போல்ட்டைச் சற்றுத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்துங்கள். நுரை நின்று சுத்த டீசல் வந்ததும் இறுக்குங்கள். ஹீட்டர் பிளக் உள்ள பழைய எஞ்சின் என்றால், குளிர்காலையில் அது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கிளம்பிய பின் புகையின் நிறம் சேதி சொல்லும். கறுப்பு என்றால் காற்று போதவில்லை. ஏர் பில்டரைப் பாருங்கள். நீலம் என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை சூடேறியும் நிற்காவிட்டால், டீசல் சரியாக எரியவில்லை, அல்லது ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே போகிறது.

நிறுத்தி வைக்கும்போது டீசல் தொட்டியை நிரப்பி வையுங்கள். காலி இடத்தில்தான் காற்றின் ஈரம் தண்ணீராகப் படியும். கைப்பிரேக்கைத் தூக்கியபடி மாதக்கணக்கில் விட்டால் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். சமதரையில் கியரில் விட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைப்பதே சரி.

ஓட்டுவோருக்கும் ஏறுவோருக்கும்

வண்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும், டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டி இறக்கினால் பயனில்லை. கியர் பிடித்து நிறுத்த வேண்டிய பாரம் முழுவதும் பிரேக்கின் தலையில் விழுகிறது. எஞ்சினையும் அணைத்துவிட்டால், பூஸ்டருக்கு வாக்குவம் தரும் பம்பும் நின்றுவிடும். ஒன்றிரண்டு மிதிக்குமேல் உதவி கிடைக்காது. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது பழைய டிரைவர்கள் சொல்லிக் கொடுத்த பாடம். அளவுக்கு மேல் ஆள் ஏற்றுவதும் அதே கேடுதான். அன்று நானும் அந்தத் தவறைச் செய்திருந்தேன்.

தாய்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். இறக்கத்தில் கருகிய வாடை வந்தால், டிரைவர் காலை மாற்றி மாற்றி மிதிப்பதைக் கண்டால், இறங்கும்போது எஞ்சின் சத்தமே கேட்காவிட்டால், பேசாமல் இருக்காதீர்கள். "தம்பி, வண்டிய ஓரங்கட்டு" என்று சத்தமாகச் சொல்லுங்கள். டிரைவருக்குக் கோபம் வரலாம், வந்தால் வரட்டும். காலையில் மேலே கொண்டுபோன டிரைவர், மாலையில் உங்களைப் பிள்ளைகளிடம் பத்திரமாகச் சேர்க்கக் கடமைப்பட்டவர்.

சங்கத்து ஜீப் ஓட்டும் தம்பிமாரே, இந்தச் சித்திரையில் கையில் 5,000 ரூபாய்தான் இருக்கிறது என்றால் பெயிண்ட் காத்திருக்கட்டும், சீட்டுக்கவர் காத்திருக்கட்டும். முதலில் நான்கு சக்கரத்தையும் கழற்றுங்கள்.