தேடுபொறிக் கருவிகளுக்கு டொலர் கட்டுமுன்

"கூகுளில் உங்கள் கடையை முதலாமிடத்துக்குக் கொண்டுவந்து தருகிறோம் முதலாளி" என்று கூறிக்கொண்டு கடைப்படி ஏறும் இளைஞர்கள் இப்போது அதிகரித்துள்ளனர். முன்பெல்லாம் கலண்டர், டயறி அச்சடிக்க ஓடர் கேட்டு வருவார்களே, அதே போலத்தான். மடிக்கணினியைத் திறந்து, ஏறுவதும் இறங்குவதுமான வர்ணக் கோடுகளைக் காட்டி, இந்த மென்பொருளுக்கு மாதம் இத்தனை டொலர், எங்கள் கூலி வேறு என்கிறார்கள். காசு மேசையில் இருப்பவருக்கு அது தேவையான செலவா, வீண் செலவா என்று தீர்மானிக்க வழியிருப்பதில்லை. தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டே சிலர் சம்மதித்து விடுகிறார்கள்.

முதலாமிடத்துக்கு எவராலும் உத்தரவாதம் கொடுக்க முடியாது என்று கூகுள் நிறுவனமே தனது வழிகாட்டலில் எழுதி வைத்துள்ளது. ஆகவே உத்தரவாதம் தருபவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பி விடலாம்.

இந்தக் கருவிகள் செய்யும் வேலைதான் என்ன? மக்கள் எந்தச் சொற்களைப் போட்டுத் தேடுகிறார்கள், நமது இணையத்தளத்தில் என்ன பழுது இருக்கிறது, வந்தவர்கள் எதைப் பார்த்து விட்டுப் போனார்கள் என்று இவை அளந்து சொல்லும். அவ்வளவுதான். நல்ல தராசு வாங்கியதால் அரிசி மூடை கூடிவிடாது. பொருளின் படம், விலை, விபரம் ஆகியவற்றைச் சரியாகப் போடும் வேலை கடைக்காரருடையதாகவே இருக்கும்.

நமது சிறு வியாபாரிகளில் பெரும்பாலானோருக்குத் தேவையானவற்றைக் கூகுள் நிறுவனம் இலவசமாகவே கொடுக்கிறது. கடை வைத்திருப்பவர் முதலில் பதிய வேண்டியது கூகுள் பிஸ்னஸ் புரொபைல். 2021 ஆம் ஆண்டு வரை இதன் பெயர் கூகுள் மை பிஸ்னஸ். வரைபடத்தில் கடை இருக்குமிடம், திறக்கும் நேரம், தொலைபேசி இலக்கம், படங்கள் எல்லாம் இதில்தான் வரும். எத்தனை பேர் இதிலிருந்து அழைப்பெடுத்தார்கள், எத்தனை பேர் கடைக்கு வழி பார்த்தார்கள் என்பதையும் காட்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காகக் கடை மூடும் நேரத்தைக் கூட இதில் குறிப்பிடலாம். அதைப் போடாததால் மூடிய கதவைப் பார்த்துத் திரும்பிப் போகும் வாடிக்கையாளர்கள் எத்தனை பேர்!

சொந்த இணையத்தளம் இருப்பவர்களுக்கு சேர்ச் கொன்சோல் என்ற கருவி உண்டு. எந்தச் சொல்லுக்கு நமது தளம் எத்தனை தடவை காட்டப்பட்டது, எத்தனை பேர் அழுத்தி உள்ளே வந்தார்கள், சராசரியாக எத்தனையாவது இடம் என்ற விபரங்களை 16 மாதங்களுக்குப் பின்னோக்கிப் பார்க்கலாம். கூகுள் அனலிட்டிக்ஸ் 2005 இல் வந்தது. அதன் பழைய வடிவம் 2023 ஜூலையில் நிறுத்தப்பட்டது. "நாங்கள் அதை எப்போதோ போட்டு விட்டோம்" என்பவர்கள், அது இன்னும் கணக்கெடுக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக் கொள்வது நல்லது.

சொற்களைத் தேடும் விடயத்தில்தான் நம் நாட்டு வியாபாரிக்கு விசேட சிக்கல் இருக்கிறது. இங்கே ஒரே பொருளைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தேடுகிறார்கள். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுபவர்களும் ஏராளம். வெளிநாட்டு மென்பொருட்கள் இத்தகைய சொற்களுக்குப் பல தடவைகள் பூச்சியம் என்றே காட்டும். யாரும் தேடவில்லை என்பது அதன் பொருளல்ல, அவர்களிடம் கணக்கு இல்லை என்பதே பொருள். கூகுள் விளம்பரக் கணக்குடன் வரும் கீவேர்ட் பிளேனர் ஓரளவு உதவும். எனினும் விளம்பரத்துக்குச் செலவழிக்காதவர்களுக்கு அது நூறிலிருந்து ஆயிரம் வரை என்பது போல் பரந்த கணக்கையே காட்டும். ஹார்ட்வெயார் கடைக்காரர் ஒருவர் ஒரு வாரம் காசு மேசையில் கொப்பி வைத்து, வருபவர்கள் தகரம் என்கிறார்களா, ஷீட் என்கிறார்களா, தண்ணீர்த் தாங்கி என்கிறார்களா, டேங்க் என்கிறார்களா என்று எழுதினால் போதும். எந்த மென்பொருளிலும் கிடைக்காத பட்டியல் அவரிடம் இருக்கும்.

காசு கொடுத்து வாங்கும் கருவிகள் வீண் என்று நான் கூறவில்லை. செம்ரஷ், ஏஹ்ரெப்ஸ் போன்றவற்றின் வழமையான வியாபாரப் பொதிகள் மாதம் 100 டொலருக்கு மேல். மாணிக்கக்கல், கறுவா, தேயிலை என்று வெளிநாட்டுக்கு நேரடியாக விற்பவர், அங்குள்ள போட்டியாளர் எந்தச் சொற்களால் ஆள் பிடிக்கிறார் என்று அறிய இவை உதவும். அவர்கூட ஒரு மாதத்துக்கு மட்டும் சந்தா கட்டி, தேவையானதைத் தரவிறக்கி வைத்துவிட்டு நிறுத்தலாம். தானாகவே அட்டையிலிருந்து கழியும் சந்தாவில்தான் ஆபத்து. 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபா அளவிலிருந்த டொலர், மே மாதமாகும்போது 360 ரூபா அளவுக்குப் போனதை யாரும் மறந்திருக்க மாட்டோம். 20,000 ரூபாவாக இருந்த அதே சந்தா 36,000 ஆனது. வியாபாரமோ அந்த மாதங்களில் பாதியும் இல்லை. சொந்தத் தளத்தைப் பரிசோதிப்பதற்கு ஏஹ்ரெப்ஸ் இலவசமாகவும் ஒரு வசதி தருகிறது. ஸ்கிரீமிங் பிரொக் என்ற மென்பொருள் 500 முகவரிகள் வரை இலவசமாகவே பழுது பார்க்கும்.

அறவே தொடக்கூடாத வகையும் ஒன்றுண்டு. ஆயிரக்கணக்கான தளங்களில் உங்கள் இணைப்பைத் தானாகவே பதிந்து தரும் என்று விற்கப்படும் மென்பொருட்களே அவை. அமெரிக்காவின் ஜே.சி. பென்னி பெரும் சில்லறை நிறுவனம். உடுப்பு, படுக்கை விரிப்பு, தரை விரிப்பு என்று எதைத் தேடினாலும் 2010 பண்டிகைக் காலத்தில் கூகுளில் அதுவே முன்னணியில் நின்றது. சம்பந்தமேயில்லாத நூற்றுக்கணக்கான தளங்களில் காசுக்குப் போடப்பட்ட இணைப்புகளே காரணம் என்று 2011 பெப்ரவரியில் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை அம்பலப்படுத்தியது. கூகுள் நடவடிக்கை எடுத்தபோது, ஒரு பயணப்பெட்டிச் சொல்லுக்கு முதலாமிடத்திலிருந்த நிறுவனம் சில மணி நேரத்தில் 71 ஆம் இடத்துக்குப் போனது. தமக்கு இது தெரியாது என்று கூறி, வேலையைச் செய்த ஆலோசனை நிறுவனத்தை அது விலக்கியது. பென்னி தாங்கிக் கொண்டது. ஒரே ஒரு கடை வைத்திருப்பவரின் தளம் அப்படி விழுந்தால் தூக்கி விட ஆளில்லை.

கருவியைவிட முக்கியமானது சாவி யாரிடம் என்பது. எனக்குத் தெரிந்த புடவை வியாபாரி ஒருவரின் தளத்தைச் செய்து கொடுத்தவர், தளத்தின் பெயரையும் கூகுள் கணக்கையும் தனது மின்னஞ்சலிலேயே பதிந்திருந்தார். கொடுக்கல் வாங்கலில் மனக்கசப்பு வந்தபோது, கடைக்காரருக்குத் தனது கடையின் தொலைபேசி இலக்கத்தைக் கூட மாற்ற முடியவில்லை. தளத்தின் பெயர் உங்கள் நிறுவனப் பெயரிலும், கூகுள் கணக்குகளின் உரிமை உங்கள் மின்னஞ்சலிலும் இருக்க வேண்டும். வேலை செய்பவருக்கு முகாமையாளர் என்ற அனுமதி போதும், அதை வேண்டியபோது நீக்கலாம். வட்ஸ்அப், மின்னஞ்சல் விளம்பரங்களுக்காகச் சேர்க்கும் வாடிக்கையாளர் இலக்கங்களும் அப்படியே. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருக்கும் நாட்டில், அந்தப் பட்டியலை எவரது மென்பொருளிலும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றக்கூடாது.

மாத முடிவில் வேலை செய்தவர் அறிக்கை கொண்டு வருவார். அவரது மென்பொருள் வரைந்த கோட்டைப் பார்க்காமல், உங்கள் சேர்ச் கொன்சோலையும் பிஸ்னஸ் புரொபைலையும் திறந்து, கடந்த வருடத்துடன் ஒப்பிடச் சொல்லுங்கள். புடவை, பேன்சி வியாபாரிகள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நோன்புப் பெருநாள் வருடத்துக்கு ஏறத்தாழ 11 நாட்கள் முந்தி வருகிறது. மாதத்துக்கு மாதம் ஒப்பிட்டால் பெருநாள் வியாபாரத்தையே தன் திறமையென்று அவர் கணக்குக் காட்டி விடுவார். பெருநாளுக்கு முந்திய ஆறு வாரங்களை, கடந்த பெருநாளுக்கு முந்திய ஆறு வாரங்களுடன் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.