அகத்தியர்கூடம் டிரெக்கிங்: போனக்காட்டு கேட் ஏன் வருஷத்துக்கு சுமார் ஆறு வாரம் மட்டும் திறக்குது?

ஜனவரி ஆரம்பத்தில் கேரள வனத்துறை ஆன்லைன் புக்கிங்கைத் திறக்கும். தட்கல் டிக்கெட் மாதிரி வேகமாக இடங்கள் காலியாகிவிடும். கிடைக்காதவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: "மலை அங்கேயேதான் இருக்கு. வருஷம் முழுக்க விட்டா என்ன?"

நியாயமான கேள்வி. ஆனால் அகத்தியர்கூடத்தில் இருக்கும் கட்டுப்பாடுகள் எல்லாம் ஒரே ரகம் அல்ல. சில காட்டைக் காப்பாற்றுபவை. சில உங்களைக் காப்பாற்றுபவை. 2018 வரை இருந்த ஒன்று, இந்த இரண்டிலும் சேராதது. எது எந்த ரகம் என்று பார்ப்போம்.

முதலில், இந்த மலை எது?

நமக்கு ரொம்பப் பழக்கமான மலைதான். பொதிகை. 2024 ஜனவரியில் டிடி தமிழ் என்று மாறும்வரை தூர்தர்ஷன் சேனலுக்கு இருந்தது இந்த மலையின் பேர்தான். தாமிரபரணி பிறப்பதும் இங்கேதான்.

உச்சியின் உயரம் 1,868 மீட்டர். தமிழ்நாடு, கேரளா எல்லையை ஒட்டி, கேரளத்தின் நெய்யாறு வனவிலங்கு சரணாலயத்தில் வருகிறது. தமிழ்நாட்டுப் பக்கம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். அந்த வழியாக உச்சிக்குப் போக பொது டிரெக்கிங் அனுமதி இல்லை. அதனால் திருநெல்வேலிக்காரர்கூட திருவனந்தபுரம் போய், நெடுமங்காடு, விதுரை வழியாக போனக்காடு வந்துதான் ஏற வேண்டும்.

போனக்காட்டை 'பேய் பங்களா' வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். அதைவிட உண்மையான கதை ஒன்று அங்கே இருக்கிறது. பிரிட்டிஷ் காலத்துத் தேயிலைத் தோட்டம், பல ஆண்டுகளாக மூடிக் கிடக்கும் தொழிற்சாலை, தமிழ் வம்சாவளித் தொழிலாளர்கள் வாழ்ந்த லயங்கள். டிரெக்கிங் போகிறவர்கள் இவற்றைக் கடந்துதான் வனத்துறை செக்போஸ்ட்டுக்கு வருகிறார்கள்.

ரூட் எவ்வளவு கஷ்டம்?

உயரத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். ஊட்டி டவுனே சுமார் 2,240 மீட்டரில் இருக்கிறது. அதாவது அகத்தியர்கூடத்தின் உச்சி ஊட்டியைவிடக் கீழே. இங்கே சோதிப்பது உயரம் இல்லை, தூரம். ஒரு வழிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல். போய்வர மூன்று நாள், இரண்டு இரவு.

- நாள் 1: போனக்காட்டில் இருந்து அதிருமலை பேஸ் கேம்ப். முதல் பாதி ஓடைகளும் நிழலும் உள்ள காடு. பிறகு 'ஏழுமடக்குத்தேரி'. பேர் சொல்வது போல மடங்கி மடங்கி ஏறும் மேடு.
- நாள் 2: அதிருமலையில் இருந்து உச்சி, மறுபடி அதிருமலை. செங்குத்து ஏற்றம், அடுத்து பொங்காலைப்பாறை. கடைசியில் கயிறைப் பிடித்து ஏற வேண்டிய வழுக்குப் பாறைகள். உச்சியில் அகத்தியர் சிலை.
- நாள் 3: வந்த வழியே போனக்காடு.

வழியில் ஓர் ஓடையின் பேர் அட்டையாறு. அங்கே என்ன எதிர்பார்க்கலாம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஏன் சுமார் ஆறு வாரம் மட்டும்?

இன்ஸ்டாவில் இத்தாலியின் டோலமைட்ஸ் ரீல்ஸ் பார்த்திருப்பீர்கள். அங்கே கோடையில் பூட்ஸ், பனிக்காலத்தில் பனியில் கால் புதையாமல் இருக்க அகலமான ஸ்னோஷூ என்று பல பாதைகளில் இரண்டு சீசனிலும் நடக்கிறார்கள். இங்கே ஏன் முடியாது?

கல்லே வேறு. டோலமைட்ஸ் சுண்ணாம்பு வகைப் பாறை. மழைநீர் அதைக் கரைத்து, வெடிப்புகள் வழியாக உள்ளே இறங்கிவிடும். பொதிகையின் அடியில் இருப்பது சார்னோக்கைட், நைஸ் போன்ற கடினமான, கரையாத பாறைகள். பெய்கிற மழையில் பெரும்பகுதி மேலாகவே ஓடி, ஒவ்வொரு மடிப்பிலும் ஓடையாகிறது. நடக்கும் பாதை அந்த ஓடைகளைத் திரும்பத் திரும்பக் கடக்கிறது. பாலம் இல்லாத ஓடையில் தண்ணீர் ஏறினால் முன்னாலும் போக முடியாது, திரும்பவும் முடியாது.

மழையும் ஒரே சீசனில் முடிவதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. மார்ச் வந்தால் வெயில், காய்ந்த புல், காட்டுத்தீ பயம். இதையெல்லாம் கழித்தால் மிஞ்சுவது ஜனவரி நடுவில் இருந்து பிப்ரவரி கடைசிவரை. அந்த ஆறு வாரத்தைத் தீர்மானிப்பது காலண்டரை விட வானிலைதான்.

இந்த மலையின் வானிலையை ஆராய்வது புதிதும் இல்லை. திருவனந்தபுரம் வானாய்வுக்கூடத்தின் இயக்குநராக இருந்த ஜான் ஆலன் பிரவுன், 1855-லேயே இந்த உச்சியில் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்து வானிலையையும் காந்தப்புலத்தையும் பதிவு செய்தார்.

ஒரு நாளைக்கு இவ்வளவு பேர்தான் என்பது எதற்கு?

எண்ணிக்கை ஒவ்வொரு சீசன் அறிவிப்பிலும் கூடக்குறைய இருக்கும். ஒரு நாளைக்கு 100 பேர் என்று வைத்து, 40 நாளுக்குக் கணக்குப் போட்டால் 4,000 பேர். சென்னையில் ஒரு பெரிய ஐடி பார்க்குக்கு ஒரே நாளில் வருகிறவர்களைவிடக் குறைவு.

ஆனால் அவர்கள் நடப்பது எதன் மேல் என்று பாருங்கள். அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் 2001-ல் உருவானது. பரப்பு சுமார் 3,500 சதுர கிலோமீட்டர், இரண்டு மாநிலங்களிலும் பரந்தது. 2016-ல் யுனெஸ்கோவின் உலக உயிர்க்கோளக் காப்பக வலையமைப்பில் சேர்ந்தது. யுனெஸ்கோ கணக்குப்படி இங்கே உள்ள உயர்வகைத் தாவர இனங்கள் 2,254. அவற்றில் சுமார் 400 இந்தப் பகுதிக்கே உரியவை.

ஓர் உதாரணம் போதும். 'பேஃபியோபெடிலம் ட்ரூரியை' என்ற மஞ்சள் ஆர்க்கிட் இந்த மலைத்தொடரில் மட்டும்தான் இயற்கையாக வளர்கிறது. 1865-ல் வெளியுலகத்துக்குத் தெரிந்தது. அழகாக இருந்ததே அதற்கு ஆபத்தானது. விற்பனைக்காகப் பிடுங்கிப் பிடுங்கி, இன்று மிக அருகிய இனங்கள் பட்டியலில் இருக்கிறது. "ஒரு செடிதானே" என்று ஆயிரம் பேர் நினைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதுவே பதில். எண்ணிக்கைக் கட்டுப்பாடு அதனால்தான்.

காட்டில் ஏற்கனவே இருப்பவர்கள் யார்?

காணி பழங்குடியினர். டிரெக்கிங் செல்கிறவர்களுக்கு வழிகாட்டிகளாக வருபவர்களில் அவர்களும் உண்டு. அவர்களுக்கு இது 'ஸ்பாட்' இல்லை, அகத்தியர் இருக்கும் இடம்.

இந்த மலையைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது எவ்வளவு என்பதற்கு உலகமே பேசிய ஒரு கேஸ் உண்டு. 1987-ல் விஞ்ஞானி பி. புஷ்பாங்கதன் தலைமையிலான குழு இந்தக் காட்டில் நடந்தபோது, கூட வந்த காணி வழிகாட்டிகள் மட்டும் களைப்பே இல்லாமல் இருந்தார்கள். காரணம், அவர்கள் மென்ற ஒரு காய். அந்தச் செடிதான் ஆரோக்கியப்பச்சை. பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவர ஆராய்ச்சி நிறுவனம் அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கி, கோவை ஆர்ய வைத்திய பார்மசிக்கு உரிமம் கொடுத்தது. 10 லட்சம் ரூபாய் கட்டணம், விற்பனையில் 2 சதவீத ராயல்டி. அதில் பாதி காணி மக்களுக்கு. பணத்தை வாங்க 1997-ல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளை பதிவானது. பழங்குடி அறிவுக்குப் பங்கு கொடுத்த ஆரம்பகால முன்மாதிரிகளில் ஒன்றாக இது இன்றும் பேசப்படுகிறது.

பெண்களுக்கு ஏன் தடை இருந்தது?

2018 வரை பெண்களால் உச்சிக்குப் போக முடியவில்லை. அகத்தியர் பிரம்மச்சாரி, அதனால் பெண்கள் உச்சிக்கு வரக்கூடாது என்பது காணி மக்களில் ஒரு பகுதியினரின் நம்பிக்கை. பெண்கள் அமைப்புகள் வழக்குப் போட்டன. டிரெக்கிங்கில் பாலினத்தை வைத்துத் தடுக்க முடியாது என்று 2018 நவம்பர் 30-ல் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019 ஜனவரி 14 அன்று, பாதுகாப்புத் துறை செய்தித் தொடர்பாளரான தன்யா சனல் போனக்காட்டில் இருந்து கிளம்பி, மறுநாள் உச்சியைத் தொட்டார். காணி மக்கள் போனக்காட்டில் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். யாரையும் தடுக்கவில்லை.

இங்கேதான் வித்தியாசம். ஆறு வாரம், எண்ணிக்கை, வழிகாட்டி என்ற மற்ற விதிகளுக்கெல்லாம் மழை, செடி, யானை என்று காட்டிலேயே காரணம் இருக்கிறது. பெண்கள் மீதான தடைக்குக் காட்டில் காரணம் இல்லை. அதை எடுத்ததால் மலைக்கு ஒன்றும் குறையவில்லை. அதே சமயம், அது காணி மக்களுக்குப் புனித இடம் என்ற உண்மையும் மாறவில்லை.

வழிகாட்டி இல்லாமல் போனால் என்ன?

2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணி. காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். பலரும் சென்னை, திருப்பூர், ஈரோடு பக்கம் இருந்து வார இறுதிக்கு வந்த இளைஞர்கள். அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் டிரெக்கிங்குக்கு தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 40 ரூட்களுடன் 'டிரெக் தமிழ்நாடு' தொடங்கியது. யார், எத்தனை பேர், எந்தப் பாதையில் உள்ளே இருக்கிறார்கள் என்று வனத்துறைக்குத் தெரிந்தால்தான் ஆபத்தில் தேடி வர முடியும். பர்மிட் என்பது அந்தப் பட்டியல்தான்.

கிளம்பும் முன்

- தேதி, கட்டணம் இரண்டும் வருஷா வருஷம் மாறும். 2024-ல் ஒருவருக்கு 2,500 ரூபாய். வனத்துறையின் அதிகாரப்பூர்வ அறிவிப்பை மட்டும் நம்புங்கள்.
- டாக்டரிடம் உடல் தகுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். பயணத்துக்கு முந்தைய ஒரு வாரத்துக்குள் எடுத்ததாக இருக்கட்டும்.
- 14 வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை.
- பிளாஸ்டிக், மது, பூஜைப் பொருட்கள் கூடாது.
- அட்டைக்கு நீள சாக்ஸ், இரவுக் குளிருக்கு ஸ்வெட்டர், நல்ல கிரிப் உள்ள ஷூ கட்டாயம்.
- ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் மாடிப்படி ஏறிப் பழகுங்கள். செங்குத்து ஏற்றத்தில் உங்கள் மூட்டு உங்களுக்கு நன்றி சொல்லும்.

இந்த சீசனில் ஸ்லாட் கிடைக்கவில்லையா? அடுத்த ஜனவரி வரை காத்திருக்கலாம். அந்த மஞ்சள் ஆர்க்கிட்டும் அதுவரை அங்கே இருக்க வேண்டும் என்பதற்குத்தான் கேட் மூடியிருக்கிறது.