லாரி கேபினுக்குள் ஒரு குட்டி வீடு: எது எங்கே இருந்தால் டிரைவர் உயிருக்கு நல்லது?

நாமக்கல்,

முட்டைக்கும், ஆஞ்சநேயருக்கும் பெயர் பெற்ற நாமக்கல்லுக்கு இன்னொரு அடையாளம் லாரி. இங்கிருந்து லோடு ஏற்றிக்கொண்டு டெல்லி, கொல்கத்தா, குஜராத் என்று கிளம்பும் டிரைவர்கள் வீடு திரும்ப வாரக்கணக்கில் ஆகும். டெல்லிக்கு ஒருவழி தூரமே 2 ஆயிரம் கிலோ மீட்டருக்கு மேல். அத்தனை நாளும் அவர்களுக்கு வீடு, சமையல்கட்டு, படுக்கை அறை, ஆபீஸ் எல்லாமே அந்த கேபின்தான்.

ஒருவர் காலை நீட்டினால் இன்னொருவர் மடக்க வேண்டிய இடம் அது. அதற்குள் அரிசி, குக்கர், தண்ணீர் கேன், கம்பளி, துணிப்பை, டூல்ஸ், வண்டி பேப்பர், சாமி படம் என்று அத்தனையும் அடங்க வேண்டும். எதை எங்கே வைப்பது என்பது வெறும் இட வசதி விஷயம் இல்லை, உயிர் சம்பந்தப்பட்டது.

காலடியில் எதுவும் கூடாது

"டேய் தம்பி, என் காலடியில ஒரு சாமானும் இருக்கக் கூடாது." புதிதாக வண்டி ஏறும் கிளீனர் பையனுக்கு டிரைவர் அண்ணன் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் இதுதான். காரணம் இருக்கிறது. சீட்டுக்கு அடியில் தூக்கிப்போட்ட தண்ணீர் பாட்டில் இறக்கத்தில் உருண்டு வந்து பிரேக் பெடலுக்கு கீழே மாட்டிக்கொண்டால், எத்தனை மிதித்தாலும் பெடல் முழுசாக அமுங்காது. மலைப்பாதை இறக்கத்தில் இப்படி நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கழற்றிப்போட்ட செருப்புக்கும் இதே கதைதான்.

திடீர் பிரேக்கும் அப்படித்தான். 60 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் வண்டி சட்டென்று நின்றால், உள்ளே கட்டாமல் கிடக்கும் சாமான் நிற்காது. அதே வேகத்தில் முன்னால் பாயும். தலைக்கு பின்னால் பலகையில் வைத்த குக்கர் அந்த வேகத்தில் வந்து மண்டையில் அடித்தால், 14 மீட்டர் உயரத்தில் இருந்து, அதாவது நாலு மாடி உயரத்தில் இருந்து விழுந்து அடித்ததற்கு சமம். அதனால்தான் அனுபவஸ்தர்கள் கனமான சாமானை மேலே ஏற்றுவதே இல்லை. தலைக்கு மேல் போர்வை, துண்டு, லுங்கி, கொசுவலை மட்டும். கனமானது எல்லாம் தரையோடு தரையாக.

20 லிட்டர் தண்ணீர் கேன் நிறைந்தால் 20 கிலோ. அதை கிளீனர் சீட்டுக்கு பின்னால், படுக்கை பலகையை ஒட்டி, அசையாதபடி கயிறு போட்டு கட்டுவார்கள். ஜாக்கி, வீல் ஸ்பேனர், சக்கரத்துக்கு வைக்கும் கட்டை இவை கேபினுக்குள் வரவே கூடாது. பாடிக்கு கீழே பக்கவாட்டில் இருக்கும் இரும்பு பெட்டிதான் அவற்றுக்கு இடம். தார்ப்பாயும் கயிறும் கேபின் தலைமேல்.

அடுப்பு எங்கே?

பெரிய தலைவலி அடுப்புதான். வடக்கே சப்பாத்தியும் பருப்பும் எத்தனை நாள் சாப்பிட முடியும்? சோறு, புளிக்குழம்பு கேட்கும் நாக்கு. செலவும் மிச்சம். ஒரு காலத்தில் பம்ப் ஸ்டவ்தான். மண்ணெண்ணெய் கிடைப்பது குதிரைக்கொம்பாகி விட்டதால் பலர் 5 கிலோ கியாஸ் சிலிண்டருக்கு மாறி விட்டார்கள்.

இங்கேதான் ரொம்ப உஷார் வேண்டும். சமையல் கியாஸ் காற்றை விட கனமானது. கசிந்தால் மேலே போகாது, கேபின் தரையில் தேங்கி நிற்கும். காலையில் எழுந்து ஒரு பீடி பற்ற வைத்தால் போதும். சிலிண்டரை வெளிப்பெட்டியில், அடியில் காற்று போக ஓட்டை இருக்கும் பெட்டியில், நிமிர்த்தி வைத்து கட்டுவதே சரி. படுக்க வைத்தால் கியாசுக்கு பதில் திரவமே வெளியே வரும். சைலன்சர், பேட்டரி பக்கம் அந்த பெட்டி இருக்கக் கூடாது. வண்டி ஓடும்போது ரெகுலேட்டர் மூடியிருக்க வேண்டும்.

சமையல் வெளியில், சக்கரத்தின் மறைவில். மழை, குளிர் என்று கண்ணாடியை ஏற்றி விட்டு கேபினுக்குள் அடுப்பு பற்ற வைப்பது எமனை கூப்பிடுவது போல. டிசம்பர், ஜனவரி குளிரில் வடக்கே கரி அடுப்பை உள்ளே வைத்துக்கொண்டு தூங்குபவர்களுக்கும் இதே ஆபத்து. அதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். கம்பளி ரெண்டு கூடுதலாக எடுத்துப்போக இடம் ஒதுக்குவது எவ்வளவோ மேல்.

கியாஸ், பெட்ரோல் டேங்கர் ஓட்டுபவர்களுக்கு இந்த பேச்சே இல்லை. அந்த வண்டியில் அடுப்புக்கும், தீப்பெட்டிக்கும் இடமே கிடையாது.

அரிசி, பருப்பு, மிளகாய் பொடி எல்லாம் மூடி இறுக்கமான டப்பாவில் இருக்க வேண்டும். குடோனில் லோடு ஏற்றும்போது எலியும் சேர்ந்து ஏறிக்கொள்ளும். சோற்று வாசனைக்கு கேபினுக்குள் வந்த எலி, சோற்றோடு நிற்காமல் வயரையும் கடிக்கும். நடு ரோட்டில் லைட் அணைந்த பிறகுதான் விஷயம் தெரியும். இரண்டு சீட்டுக்கும் நடுவில் என்ஜின் மூடி உள்ள வண்டிகளில் அதன் மேல் ஈரத்துணி, பிளாஸ்டிக் பாட்டில், மருந்து மாத்திரை வைக்கிறார்கள். அந்த சூட்டில் மருந்து கெட்டுப்போகும். சுகர், பிரஷர் மாத்திரை போடுபவர்கள் அதை தனியாக டிபன் பாக்சில் போட்டு, வெயில் படாத இடத்தில் வைப்பது நல்லது.

பேப்பர், சில்லறை

ஆர்.சி., இன்சூரன்ஸ், பெர்மிட், எப்.சி., புகை சான்றிதழ், லோடு பில் எல்லாம் ஒரே ரெக்சின் பையில், டிரைவர் தலைக்கு மேல். 2018-ம் ஆண்டு முதல் டிஜிலாக்கரில் உள்ள ஆவணங்களும் செல்லும். ஆனாலும் செல்போன் சார்ஜ் தீர்ந்தால் பை வேண்டுமே! 2021-ல் பாஸ்டேக் கட்டாயமானதில் இருந்து டோல்கேட் சில்லறை டப்பாவுக்கு வேலை போச்சு. அந்த இடத்தில் இப்போது பல வண்டிகளில் செல்போன் சார்ஜர்தான் குடியிருக்கிறது.

டார்ச் லைட், தீயணைப்பு கருவி, எச்சரிக்கை முக்கோணம் மூன்றும் இருட்டில் கை போகும் இடத்தில் இருக்க வேண்டும். தீயணைப்பு கருவி அரிசி மூட்டைக்கு பின்னால் இருந்தால் அது இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

சாமி படம் இல்லாத கேபினே கிடையாது. இருக்கட்டும். ஆனால் பெரிய மாலையும், டேஷ்போர்டு மேல் குவித்த துணியும் இடது பக்கத்தை மறைத்தால், ஓரத்தில் வரும் டூவீலர்காரர் கண்ணுக்கே தெரிய மாட்டார். லாரிக்கு ஏற்கனவே இடது பக்கம் பார்வை குறைவு.

முன்பெல்லாம் கம்பெனியில் இருந்து சேசிஸ் மட்டும் வரும். நாமக்கல் பட்டறைகளில் மரமும் தகரமும் வைத்து கேபின் கட்டுவார்கள். ஓனர் கேட்ட இடத்தில் எல்லாம் பெட்டி, மாடம் வைத்துக் கொடுப்பார்கள். இப்போது கேபினோடு வரும் வண்டிகள் அதிகம். 2025-ம் ஆண்டு முதல் புதிதாக தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளுக்கு ஏ.சி. கேபினும் கட்டாயம். சொகுசு கூடியிருக்கிறது, ஆனால் இஷ்டத்துக்கு ஆணி அடிக்க முடியாது. துணிப்பை மாட்ட கொக்கி, படுக்கைக்கு அடியில் உள்ள பெட்டி, இவற்றை வைத்தே சமாளிக்க வேண்டும்.

இந்த வண்டிகள் பலவற்றில் என்ஜின் பார்க்க கேபினையே முன்னால் சாய்க்க வேண்டும். சாய்ப்பதற்கு முன் தண்ணீர் கேன், டப்பா, டூல்ஸ் எல்லாவற்றையும் கீழே இறக்கி விட வேண்டும். மறந்தால் மொத்த குடித்தனமும் முன் கண்ணாடி மேல் வந்து விழும். கண்ணாடி போனால் அந்த டிரிப் படி காசு அதற்கே சரியாகிவிடும்.