தொடாத கிண்ணமும் தொடரும் நம்பிக்கையும்

வென்ற கிண்ணத்தை வாரியெடுத்து முத்தமிடுவதே விளையாட்டுலகின் வழக்கம். ஆனால், வட அமெரிக்காவின் தேசிய ஹொக்கி லீக்கிலோ, வென்ற கிண்ணத்தின் அருகில் நின்று படமெடுத்துக்கொண்டு, விரலும் படாமல் விலகிச் செல்லும் அணித்தலைவர்களை நாம் காண்கிறோம்.

இந்த லீக்கின் கிழக்குப் பிரிவை வெல்லும் அணிக்கு வேல்ஸ் இளவரசர் கிண்ணம் வழங்கப்படுகிறது. மேற்குப் பிரிவுக்கானது, 1946 முதல் 1977 வரை லீக்கின் தலைவராயிருந்த கிளாரன்ஸ் காம்பெலின் பெயரைத் தாங்கியது. இவ்விரு அணிகளும் பின்னர் மோதுவது, கனடாவின் ஆளுநர் நாயகமாயிருந்த ஸ்ரான்லி பிரபு 1892இல் அன்பளித்த ஸ்ரான்லிக் கிண்ணத்துக்காக. சிறிய கிண்ணத்தைத் தொட்டவருக்குப் பெரியது கிட்டாது என்பதே வீரர்களின் நம்பிக்கை. ஸ்ரான்லிக் கிண்ணத்தையும், வென்றெடுக்கும்வரை தீண்டலாகாது என்பர்.

இந்நம்பிக்கை பலித்ததுண்டா? 2010இல் சிக்காகோ அணித்தலைவர் ஜொனதன் ரேவ்ஸ் தொடவில்லை. பிலடெல்பியாவின் மைக் றிச்சர்ட்ஸ் தொட்டார். சிக்காகோ வென்றது. ஆனால், 2008இல் தொடாதிருந்த பிற்ஸ்பேர்க்கின் சிட்னி குறோஸ்பி டெற்றோயிற்றிடம் தோற்றார். 2009இல் தொட்டுவிட்டு, அதே டெற்றோயிற்றை வென்றார். 2018இல் கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்த அலெக்சாண்டர் ஒவெச்கின், வாஷிங்ரன் அணிக்கு அதன் முதலாவது ஸ்ரான்லிக் கிண்ணத்தைப் பெற்றுக்கொடுத்தார். இரு தலைவர்களும் தொடாதுவிடினும், அவர்களில் ஒருவர் தோற்றே ஆகவேண்டுமன்றோ?

சாபக் கதைகளும் உண்டு. நியூயோர்க் றேஞ்சர்ஸ் 1940இல் வென்றபின், தமது அரங்கின் கடன் தீர்ந்த மகிழ்ச்சியில் ஈட்டுப் பத்திரத்தைக் கிண்ணத்துக்குள் இட்டு எரித்தனராம். அதனாலேயே 1994 வரை, 54 ஆண்டுகள், கிண்ணம் கிட்டவில்லையென இரசிகர் கூறினர். கிண்ணத்தில் பத்திரம் எரியாமலும் ஏமாற்றம் நீளலாம் என்பதற்கு, 1967க்குப் பின் அதனை வெல்லாத ரொறன்ரோ மேபிள் லீவ்ஸ் அணியே சான்று.

எனினும், இவ்வழக்கத்தை வெறும் மூடநம்பிக்கையென ஒதுக்க நாம் விரும்பவில்லை. ஸ்ரான்லிக் கிண்ணத்துக்கு நான்கு சுற்றுகளில் 16 வெற்றிகள் வேண்டும். பிரிவுக் கிண்ணம் கிடைக்கும்போது 12 மட்டுமே கைவந்திருக்கும். வேலை முடியுமுன் விழா எடுக்கலாகாது என்ற தன்னடக்கம் அதனுள் இருக்கிறது. பனித்தரையில் இறங்கப் பழகும் நம் பிள்ளைகள் கிண்ணத்தைத் தொடுவதும் விடுவதும் அவர்கள் விருப்பம். அந்த அடக்கத்தை மட்டும் அவர்கள் கற்றுக்கொள்வார்களாக.